சராசரி மூன்று விநாடி

ஜூன் 3, திங்கள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். தாங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் நேற்று மாலை தாங்கள் பிரார்த்தனைக் கூடத்திலிருந்து வெளியேறிய வேகத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. மூன்று தெரு தள்ளி இருக்கும் வீட்டுக்குக் கடிதம் எழுதுவது விந்தைதான். நேரில் வந்தால் எனக்கு நாக்கு ஒத்துழைக்காது. ஆகவே தங்கள் மருமகளான என் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இக்கடிதத்தில் ஐந்து விஷயங்கள்:

1. அந்தச் சீட்டை எழுதியது நான் என்பது.
2. அதில் கண்ட அளவு சரி என்பது.
3. எழுதிய நோக்கம்.
4. மன்னிப்பு.
5. தங்கள் குடை.

மன்னிப்பை நான்காவதாக வைத்ததைத் தவறாக எண்ண வேண்டாம். முதலில் வைத்துப் பார்த்தேன். எதற்கு மன்னிப்பு என்றே படிக்கிறவருக்குப் புரியவில்லை.

முதல் விஷயம். கூடத்தில் முணுமுணுப்பும் வாக்குவாதமும் தற்பெருமையும் இனி வேண்டாம் என்று கூடத்தை நடத்தும் அம்மா ஜனவரியில் சொன்னார்கள். யாருக்காவது குறை இருந்தால் அதைப் பிரார்த்தனையாக மாற்றி, பெயர் போடாமல், வாசல் பெட்டியில் போட வேண்டும். தையல்காரர் வாசிப்பார். எல்லோரும் சேர்ந்து "அப்படியே ஆகட்டும்" என்போம். இதெல்லாம் தாங்கள் அறிந்ததே; தொடர்ச்சிக்காக எழுதுகிறேன். நேற்று ஆறாவதாக வாசித்த சீட்டு என்னுடையது. அடையாளம் தெரியாமலிருக்க இடது கையால் எழுதினேன். அதன் வாசகம் (நகல் என்னிடம் உள்ளது):

"1. ஒரு சகோதரரின் குரல் சற்றே தாழ வேண்டும். 2. பாட்டில் ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் அவர் சராசரி மூன்று விநாடி கூடுதலாக இழுப்பது நிற்க வேண்டும். 3. இதைக் கேட்டு அவர் மனம் புண்படாதிருக்க வேண்டும்."

மூன்றாவது நிறைவேறவில்லை என்று தெரிகிறது.

இரண்டாவது விஷயம். நான் முப்பத்தாறு வருடம் எடையளவு ஆய்வாளராகக் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்தவன். ஊகத்தில் எதையும் சொல்லிப் பழக்கமில்லை. கைக்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், பன்னிரண்டு பாடல்கள், நூற்று முப்பத்திரண்டு வரிகள் அளந்தேன். நானும் பாடிக்கொண்டேதான் அளந்தேன். கூடத்தில் நாற்பது பேர், என்னையும் சேர்த்து, ஒன்றாக முடிக்கிறோம். தாங்கள் ஒருவர் மட்டும் அதற்குமேல் மூன்று விநாடி தனியாகப் போகிறீர்கள். இதில் ஐயமில்லை.

மூன்றாவது, நோக்கம். அன்புதான். முன் பெஞ்சில் சிலர் தங்களை "ஹாரன்" என்கிறார்கள். (என்னைத் "தராசு" என்கிறார்கள்; அது வேறு விஷயம்.) தங்கள் மதிப்புக் குறையக் கூடாது. நேரில் சொன்னால் வாக்குவாதம் வரும். வாக்குவாதம் கூடாது என்பது விதி. ஆகவே சீட்டு. இதில் பெருமையோ பொறாமையோ இல்லை என்றே நினைக்கிறேன். "நினைக்கிறேன்" என்று எழுதக் காரணம், முழு நிச்சயம் இல்லை.

நான்காவது. மன்னிக்கவும். (முதல் வரைவில் இது ஒரு பக்கம் இருந்தது. படித்துப் பார்த்தால் பெரும்பகுதி என் நல்ல குணங்களைப் பற்றியே இருந்தது. நீக்கிவிட்டேன்.)

ஐந்தாவது. தங்கள் குடை என் வீட்டில் இருக்கிறது. ஒரு கம்பி வளைந்திருந்தது, நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.

வரும் ஞாயிறு வழக்கம்போல ஐந்து மணிக்குத் தங்கள் வீட்டுக் கேட் அருகில் நிற்பேன். கூடம்வரை நாம் நடக்கிற அந்த இருபது நிமிடம்தான் வாரத்தில் நான் ஒருவரோடு சேர்ந்தாற்போலப் பேசுகிற நேரம். இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாக.

சம்பந்தியம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கள் பணிவுள்ள,
சம்பந்தி


ஜூன் 4, செவ்வாய்

அப்பாவுக்கு,

எழுதுவது நான். சொல்வது மாமா. கோபத்தில் அவர் அழுத்திய அழுத்தில் இரண்டு தாள் கிழிந்துவிட்டது. "நான் சொல்றதுல ஒரு வார்த்தை மாத்தக் கூடாது" என்று உத்தரவு. ஆகவே அவர் பேசுகிறபடியே எழுதுகிறேன்.

"சம்பந்தி, உங்க லெட்டர் வந்துச்சு. சீட்ட எழுதினது நீங்கதான்னு நீங்க வேற சொல்லணுமாக்கும்? ஒண்ணு ரெண்டு மூணுன்னு நம்பர் போட்டுக் கடவுள்கிட்ட மனு குடுக்கிறவரு இந்த ஊர்ல வேற யாரு இருக்கா? பிரார்த்தனையில 'சராசரி'ன்னு எழுதற ஒரே ஆளு நீங்கதான். இதுக்கு இடது கை வேற!

"அதுல பெரிய கூத்து என்ன தெரியுமா? தையல்காரர் வாசிச்சு முடிச்சதும் எல்லாருக்கும் முன்னாடி 'அப்படியே ஆகட்டும்'னு கத்தினது நான்தான். எவனோ பாவம் தொண்ட கிழியப் பாடறான் போல, திருந்தட்டும்னு மனசார வேண்டினேன். கண்ணத் தொறந்து பாத்தா மொத்தக் கூடமும் என்னையே பாக்குது."

(அப்பா, இந்த இடத்தில் மேஜையைத் தட்டினார். டீ கொட்டிவிட்டது. கறைக்கு மன்னிக்கவும்.)

"முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினவன் நான். ஒரு தடவ பாதி வழியில ஹாரன் கெட்டுப்போச்சு. ஜன்னல் வழியா தலைய நீட்டிக் கத்திக்கிட்டே வண்டிய டிப்போவுல கொண்டுவந்து சேத்தேன். மேனேஜரே கையெடுத்துக் கும்பிட்டாரு. அந்தக் குரலுக்கு நீங்க வாட்ச் வெச்சுப் பாக்கறீங்க. என் பக்கத்துலயே உக்காந்து, என் தோளோட தோள் உரசிக்கிட்டு, மடியில வாட்ச்!

"குரல் பெருசுன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நான் உங்கள நாலு வார்த்த திட்டியிருப்பேன், நீங்க பேந்தப் பேந்த முழிச்சிருப்பீங்க, அதோட போயிருக்கும். நாப்பது பேர விட்டு வேண்ட வெச்சீங்க பாருங்க, அதுதான் தாங்கல.

"இனிமே அந்தக் கூடத்து வாசல்ல என் கால் படாது. நீங்களும் கேட் பக்கம் வந்து நிக்க வேண்டாம். குடைய நீங்களே வெச்சுக்கங்க."

இத்துடன் முடிந்தது. அத்தை அடுக்களையிலிருந்து, "நாப்பது வருஷமா நான் மெதுவா பேசுங்கன்னு சொன்னேன், கேக்கல. சீட்டுல எழுதிப் போடணும்னு எனக்குத் தோணாமப் போச்சே" என்கிறார். இதையும் எழுதச் சொன்னார்.

என் சார்பில் ஒன்று: உங்கள் இரண்டு பேருக்கும் தபால்காரர் வேலை பார்க்க நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மாத்திரையை மறக்காமல் சாப்பிடுங்கள்.

மகள் (மாமாவுக்காக)


ஜூன் 10, திங்கள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். வர வேண்டாம் என்று தாங்கள் சொல்லியும் நேற்று ஐந்து மணியிலிருந்து ஐந்து பன்னிரண்டு வரை தங்கள் கேட் அருகில் நின்றேன். மாடி ஜன்னலில் திரைச்சீலை இரண்டு முறை அசைந்தது. காற்று இல்லை.

பிறகு தனியாக நடந்தேன். இருபது நிமிட வழி பதினான்கு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. மீதி ஆறு நிமிடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்துக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தை இரண்டு முறை படித்தேன். கணினிப் பயிற்சி. சேர்வதாக இல்லை.

கூடத்துச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் பத்தொன்பது சீட்டுகள். இதுவரை இல்லாத எண்ணிக்கை. "இரண்டாவது ஜன்னலைத் திறப்பவருக்கு அடுத்தவரின் கழுத்துவலியை உணரும் மனம் வேண்டும்" என்று ஒன்று. அடுத்த சீட்டே, "இரண்டாவது ஜன்னலை மூடுபவருக்குக் கழுத்துவலி குணமாக வேண்டும், அதுவரை அவர் வேறு பெஞ்சில் உட்கார அருள் கிடைக்க வேண்டும்." இரண்டுக்கும் எல்லோரும் "அப்படியே ஆகட்டும்" என்றோம். "மகனுக்கு மூன்றாம் முறையாகப் பதவி உயர்வு கிடைத்தும் எனக்குக் கர்வம் வராமல் காத்ததற்கு நன்றி" என்று மற்றொன்று. எழுதியவர் யாரென்று அவர் தலை நிமிர்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"சீட்டுப் போட்டு ஒரு நல்ல மனிதரை விரட்டியவருக்கு நல்ல புத்தி வேண்டும்" என்று நான்கு சீட்டுகள். நான்குக்கும் நான் "அப்படியே ஆகட்டும்" என்றேன். நியாயமான வேண்டுகோள். என்னுடையதும் ஒன்று இருந்தது: "1. அந்தச் சகோதரர் திரும்பி வர வேண்டும். 2. முதலாவது நிறைவேறாவிட்டால், அவர் தம் சம்பந்தியோடு பேசவாவது வேண்டும்." பெயரில்லாமல்தான் எழுதினேன். தையல்காரர் வாசித்துவிட்டு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

பாட்டைப் பற்றி. தாங்கள் இல்லாததால் முதல் பாடல் நான்கு இடங்களில் தொடங்கியது. மருந்துக்கடைக்காரர் இரண்டாம் வரிக்குப் போனபோது முன் பெஞ்ச் இன்னும் முதல் வரியைத் தேடிக்கொண்டிருந்தது. கூச்சத்தில் நான் பாடவில்லை. உதட்டை மட்டும் அசைத்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது: மூன்றாவது பாடலுக்குள் எல்லோரும் ஒருவாறு சேர்ந்துவிட்டார்கள். அதன்பிறகு ஒவ்வொரு வரியும் ஒன்றாக முடிந்தது. இழுப்பு இல்லை. இது என் அளவை உறுதிசெய்கிறது. இதைத் தங்களிடம் சொல்லலாமா கூடாதா என்று காலை முழுதும் யோசித்தேன். சொல்லக் கூடாது என்றுதான் முடிவுசெய்தேன். எப்படியோ எழுதிவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. குறையாக அல்ல, தெரிந்துகொள்ள மட்டும். குரல் பெரிது, அது பிறவி. ஆனால் தாங்கள் ஏன் இழுக்கிறீர்கள்? தங்களைப் போலத் தாளம் தெரிந்தவர் கூடத்தில் இல்லை என்பதால்தான் கேட்கிறேன்.

தங்கள் பணிவுள்ள,
சம்பந்தி


ஜூன் 12, புதன்

அப்பாவுக்கு,

மறுபடியும் நான். இந்த முறை டீயைத் தள்ளி வைத்துவிட்டேன்.

"சம்பந்தி, நாலு எடத்துல தொடங்குச்சா? நல்லா வேணும்! இன்னும் நாலு வாரம் போகட்டும், நாப்பது எடத்துல தொடங்கும். நான் இல்லாம ஒரு பாட்டு எழுந்து நிக்குமா? (சிரிக்கிறார், அப்பா. வெகு நேரம்.)

"நான் இங்க வீட்டுலயே பாடிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் செவுத்தத் தட்டறாரு. தாளம் போடறாருன்னு எடுத்துக்கிட்டேன். நேத்து குளியலறைக் குழாய நானே கழட்டி மாட்டினேன். பிளம்பர் ரெண்டு மணி நேரம் ஆகும்னாரு, நான் முப்பது நிமிஷத்துல முடிச்சேன்."

(குழாய் ஒழுகுகிறது, அப்பா. முன்பு சொட்டியது.)

"கேட் பக்கம் நீங்க நின்னத நான் பாக்கல. திரைச்சீலைய ஆட்டினது உங்க மக. (நான் அப்போது வீட்டிலேயே இல்லை.) பன்னெண்டு நிமிஷம் வெயில்ல நின்னா உங்களுக்குத் தலை சுத்தும்னு தெரியாதா? நெழல்ல நிக்கத் தெரியாத மனுஷன். அந்தக் குடையப் பிடிச்சிருக்கலாம்ல?"

நீங்கள் கேட்ட கேள்வியை, அதுதான் ஏன் இழுக்கிறார் என்பதை, படித்துக் காட்டினேன். மாமா மேஜையைத் தட்டவில்லை. கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துவிட்டு, "அதுக்குப் பதில் எழுத வேண்டாம்மா. அடுத்ததுக்குப் போ" என்றார். உங்கள் கடிதத்தில் அடுத்தது எதுவும் இல்லை. அதையும் சொன்னேன். "அப்ப முடிச்சிரு" என்று எழுந்து போய்விட்டார்.

எனக்கு அது புதிதாக இருந்தது. குழாய் மாட்டினதையே நேற்றிலிருந்து ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறவர் அவர்.

"கூடத்துக்கு வர மாட்டேன்னு மறக்காம எழுது" என்று மாடியிலிருந்து இப்போது குரல் வருகிறது. எழுதிவிட்டேன்.

மகள் (மாமாவுக்காக)


ஜூன் 17, திங்கள்

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

இக்கடிதத்தை எந்த வரிசையில் எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

நேற்று தாங்கள் வரவில்லை. ஏழு நிமிடம் நின்றேன், நிழலில். கூடத்தில் என் வழக்கமான இடத்தில், கடைசிப் பெஞ்சில், சுவரை ஒட்டி உட்கார்ந்தேன். தையல்காரர் பாட்டை எடுத்துக்கொடுத்தார். அவர் குரல் ஊசியில் நூல் கோர்ப்பது போலத்தான் இருக்கும். ஆனாலும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். சென்ற வாரம்போல இல்லாமல் நானும் பாடினேன். வாய்விட்டே பாடினேன்.

முதல் வரி முடிந்தது. எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். ஒரு குரல் மட்டும் மெல்லியதாக, கம்மலாக, இன்னும் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் வரியிலும் அப்படியே. சம்பந்தி இல்லாதபோதும் இப்படி இழுப்பவர் யாரென்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

மறுபடி முன்னால் திரும்பினால் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இன்னும் அந்த வரியைப் பாடி முடிக்கவில்லை.

மீதிப் பாட்டை நான் பாடவில்லை. மடியில் இருந்த கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நூற்று முப்பத்திரண்டு வரிகள் அளந்தேன் என்று எழுதினேனே, அப்போது மற்றவர்கள் வாயை எல்லாம் நன்றாகக் கவனித்திருந்தேன். எல்லாம் மூடியிருந்தன. என் வாயைப் பார்க்க எனக்கு வழியில்லை. தங்கள் குரலுக்கு அடியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. தங்களைத் தவிர யாருக்குமே கேட்கவில்லை.

என் மனைவி இருந்தவரை ஒவ்வொரு வரி முடிவிலும் என்னை முழங்கையால் மெல்ல இடிப்பாள். முப்பத்தெட்டு வருடம் இடித்தாள். அதை நான் அன்பு என்று மட்டுமே நினைத்திருந்தேன். அவள் போன மறு ஞாயிறே தாங்கள் முன் பெஞ்சை விட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். கேட்டதற்கு, "இங்கதான் காலை நீட்ட முடியுது" என்றீர்கள். கடைசிப் பெஞ்சுக்கு முன்னால்தான் கூடத்திலேயே இடம் குறைவு. இன்று காலை போய் அளந்து பார்த்தேன்.

நான்கு வருடம். வாரம் மூன்று பாட்டு. நான் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது என்று தாங்களும் கூடவே வந்திருக்கிறீர்கள், நான் முடிக்கும்வரை. "ஹாரன்" என்ற பெயரையும் வாங்கிக்கொண்டு. டிப்போவுக்குக் கத்திக்கொண்டே வந்ததை நான் நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். இதைத் தாங்கள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நான் சீட்டுப் போட்ட பிறகும் சொல்லவில்லை. நேராகக் கேட்டபோதும் சொல்லவில்லை.

பாட்டு முடிந்து தையல்காரர் பெட்டியைத் திறக்கப் போனார். அப்போது நான் எழுந்து நின்றேன். எப்படி எழுந்தேன் என்று கேட்க வேண்டாம், எனக்கே தெரியாது. ஐந்து விஷயங்கள் மனதில் வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. "அந்தச் சீட்டு என்னோடது. அந்த இழுப்பும் என்னோடது. அவர் எனக்குத் துணையா வந்தாரு, அவ்வளவுதான்" என்றேன். உட்காரும்போது பெஞ்சைத் தவறவிட்டேன். தரையில் உட்கார்ந்தேன். மருந்துக்கடைக்காரர் தூக்கிவிட்டார்.

பிறகு இரண்டாவது ஜன்னல்காரர் எழுந்து, "ஜன்னல மூடறது நான்தான்" என்றார். "தெரியும்யா, உக்காரு" என்று மூன்று பேர் சொன்னார்கள். கூடத்தை நடத்தும் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். "நான் என்ன நெனச்சேன் தெரியுமா?" என்றார்கள். "குறையப் பிரார்த்தனையா எழுதச் சொன்னா உங்களுக்கு எழுத வராது, எழுத வராம அந்தக் குறையையே விட்டுருவீங்கன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா எல்லாரும் இவ்வளவு நல்லா எழுதறீங்க!" பெட்டியை அவர்களே வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இனி அதில் துணி மாட்டும் கிளிப்புகளைப் போட்டு வைப்பார்களாம். யாருக்காவது யார் மேலாவது குறை இருந்தால் அவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்ல வேண்டும், தட்டத் தைரியம் இல்லாவிட்டால் அந்தக் குறை அவ்வளவு பெரிதில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். இதுதான் புது விதி.

எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் என் குறை என்மேல்தான் என்பதால் இந்த விதி எனக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை. எப்படியும் வரும் ஞாயிறு ஐந்து மணிக்கு கேட் அருகில் நிற்க மாட்டேன். கேட்டைத் திறந்து உள்ளே வந்து மணி அடிப்பேன். நாலு வார்த்தை திட்டியிருப்பேன் என்று எழுதினீர்கள். அந்த நாலையும் அப்போது சொல்லலாம். பதிலுக்கு நானும் ஏதாவது சொல்ல முயல்கிறேன். வாக்குவாதம் எனக்குப் பழக்கமில்லை. தாங்கள் ஆரம்பித்து வைத்தால் தொடர்ந்துகொள்வேன். அதை முடித்துவிட்டு ஐந்து இருபதுக்குக் கிளம்பினாலும் நேரத்துக்குப் போய்விடலாம்.

இனி எனக்காக இழுக்க வேண்டாம். வரி முடிந்ததும் முழங்கையால் ஒரு இடி. போதும். பலமாக வேண்டாம், தங்கள் கை பஸ் ஓட்டிய கை.

கடைசியாக ஒரு திருத்தம். மூன்றாம் தேதிக் கடிதத்தில் மூன்றாவதாக எழுதிய நோக்கத்தைப் பற்றி எனக்கு இன்னும் நிச்சயம் இல்லை. அதை அப்படியே விட்டுவைக்கிறேன். ஆனால் இரண்டாவதாக, "இதில் ஐயமில்லை" என்று முடித்திருந்தேனே, அது தவறு. கடிகாரம் சரியாகத்தான் காட்டியது. மூன்று விநாடிதான். நான்தான் வேறு ஆளை அளந்துவிட்டேன்.

அன்புடன்,
சம்பந்தி